"டி டிரைவைக் காணோமுங்க": இயங்குதளம் மாற்றிய பிறகு டிஸ்கில் என்ன நடக்கிறது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, கோபாலபுரம் பக்கம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்கள் (கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படை மென்பொருள்), அதாவது விண்டோஸும் லினக்ஸும், இருப்பது சகஜம். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரித்துத் தரும் குனு/லினக்ஸில்தான் தமிழ் வழிப் பிள்ளைகளும் செய்முறைப் பயிற்சி செய்கிறார்கள். அப்பாவுக்கோ டேலி வேண்டும், அக்காவுக்குத் தமிழ் டி.டி.பி. வேண்டும், கோயம்புத்தூர் அச்சகத்துக்கு ஃபோட்டோஷாப் ஃபைல் அனுப்ப வேண்டும். அதற்கெல்லாம் விண்டோஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த உறவுக்காரப் பிள்ளையின் கையிலிருந்து வந்த தமிழ்நாட்டு அரசு லேப்டாப்பும் சில வீடுகளில் உண்டு. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது.

இப்போது இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பள்ளி லினக்ஸும் 18.04 பதிப்பிலிருந்து 22.04-க்கு நகர்ந்துவிட்டது. ஒரே டிஸ்கில் குடியிருக்கும் இரண்டு இயங்குதளங்களில் ஏதாவது ஒன்றைப் புதுப்பித்தாலும், மறுநாள் யாராவது ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "டி டிரைவைக் காணோமுங்க, போட்டோ எல்லாம் அதுலதானுங்க இருந்துச்சு" என்கிறார்.

அப்படி வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெரும்பாலான சமயங்களில் அந்தப் படங்கள் டிஸ்கில் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. மாறியிருப்பது அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் குறிப்பு மட்டும். உண்மையான இழப்பு பெரும்பாலும் அப்கிரேடின்போது நேர்வதில்லை. அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில், பயந்துபோய் கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அழுத்தும்போது நேர்கிறது. இது ஏன் என்று புரிய டிஸ்கின் முதல் சில பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

டிஸ்கைப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன், டிஸ்கில் எழுதப்படும் சிறு துண்டு ஒவ்வொன்றும் ஒரு செக்டார். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்கின் முதல் செக்டாரின் பெயர் எம்.பி.ஆர். அதன் அளவு 512 பைட். அதில் 446 பைட் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. அந்த 64 பைட்டில் 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். ஒவ்வொரு பதிவும் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம், எந்த வகை, இதிலிருந்து பூட் ஆக (கம்ப்யூட்டர் தொடங்க) வேண்டுமா. 500 ஜி.பி. டிஸ்கின் மொத்த எல்லைக்கணக்கும் இந்த 64 பைட்டைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் தென்னந்தோப்பு இடம் பெயர்ந்துவிடாது. ஆனால் அந்த வெற்றுப் பக்கத்தை நம்பி வேறொருவர் பெயரில் எழுதிக்கொடுத்து, அவர் வந்து மரத்தை வெட்டிவிட்டால் தோப்பு போயே போய்விடும். பார்ட்டிஷன் அட்டவணையின் விஷயமும் அதுதான்.

நான்கே பதிவுகள் என்பதால் நான்கு பார்ட்டிஷனுக்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று வைத்து, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலிபோலக் கோத்தார்கள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் கடைகளில் அசெம்பிள் செய்து தந்த கம்ப்யூட்டர்களில் சி, டி, இ, எஃப் என்று நான்காகப் பிரித்துத் தருவது வழக்கமாக இருந்தது. சி மட்டும் பிரைமரி, மற்ற மூன்றும் எக்ஸ்டெண்டட்டுக்குள். பின்னால் பிள்ளைக்காக லினக்ஸ் போட்டபோது அதுவும் அந்தச் சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பழைய அமைப்பு இன்றைக்கும் நிறைய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்கிரேடு தடுக்கி விழும் முதல் இடமும் அதுவே.

புதிய முறை ஜி.பி.டி. இதில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் உண்டு, எம்.பி.ஆரின் 2 டி.பி. வரம்பு கிடையாது. எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் கெட்டால் பின்பக்கத்திலிருந்து மீட்கலாம். எம்.பி.ஆரில் அப்படி ஒரு நகல் இல்லை.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர், குறைந்தது 64 ஜி.பி. இடம் இவற்றோடு செக்யூர் பூட்டுக்கு (நம்பகமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் வசதி) தகுதியான யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேரும் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் உள்ளமைந்த மென்பொருள்) வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். யு.இ.எஃப்.ஐ. முறையில் விண்டோஸ் பூட் ஆக டிஸ்க் ஜி.பி.டி.யாக இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்காக விண்டோஸிலேயே எம்.பி.ஆர்.-டு-ஜி.பி.டி. என்ற கருவி 2017 முதல் வருகிறது. தரவை அழிக்காமல் மாற்றித் தரும், நல்ல கருவி. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பிரைமரி பார்ட்டிஷன்கள் அதிகபட்சம் மூன்றுதான் இருக்கலாம். எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் எதுவும் இருக்கவே கூடாது. மேலே சொன்ன சி, டி, இ, எஃப் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே தோற்றுவிடும். தோற்றால் டிஸ்க் அப்படியே இருக்கும், ஒன்றும் கெடாது. ஆனால் உடனே "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். டி, இ, எஃப்-இல் உள்ளதை வேறு டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு என்றால் அது சரியான யோசனை. அதற்கு முன் என்றால் கூடவே கூடாது.

அடுத்து, இரண்டு இயங்குதளங்களும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறையை (கோப்புகளை டிஸ்கில் அடுக்கி வைக்கும் விதம்) விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. பார்ட்டிஷன்களைக் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மெண்டில் அந்தப் பார்ட்டிஷன் பெயரில்லாத ஒரு பெட்டியாகத் தெரியும். அதற்கு எப்படியோ ஒரு டிரைவ் எழுத்து ஒட்டிக்கொண்டால், திறந்தவுடன் "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். உள்ளே பிள்ளையின் இரண்டு வருட வேலை இருக்கும். விண்டோஸுக்கு அது வெற்றிடம். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போதும் இதே கதை. எந்தப் பார்ட்டிஷனில் போடுவது என்று கேட்கும் பட்டியலில் லினக்ஸ் பகுதி பெயரில்லாமல் நிற்கும், "சும்மா கிடக்கிறது" என்று நினைத்து டெலிட் செய்துவிடுவார்கள். உபுண்டு பக்கத்திலும் இதற்கு ஈடான ஒரு கண்ணி உண்டு: டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு என்ற தேர்வு. அது லினக்ஸ் பகுதியை மட்டும் அழிக்காது, முழு டிஸ்கையும் அழிக்கும். பார்ட்டிஷனை நாமே தேர்ந்தெடுக்கும் வழி அதே திரையில், அதற்குக் கீழே இருக்கும். கொஞ்சம் பொறுமையாக அதற்குள் போக வேண்டும்.

காணாமல்போன டி டிரைவுக்கு மிகச் சாதாரணமான காரணம் எழுத்து மாறியிருப்பது. சி, டி என்ற எழுத்துகளை அந்தந்த விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) வைத்துக்கொள்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸுக்குப் பழைய ஒதுக்கீடு தெரியாது. டிவிடி டிரைவோ கார்டு ரீடரோ முந்திக்கொண்டு டி ஆகிவிடும், பழைய டி ஒருவேளை எஃப் ஆகும், ஒருவேளை எழுத்தே இல்லாமல் நிற்கும். டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து, அளவைப் பார்த்து அடையாளம் கண்டு, எழுத்து கொடுத்தால் உள்ளதெல்லாம் திரும்பத் தெரியும். இரண்டு நிமிட வேலை. இதற்கா மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்தோம் என்று முகம் மலர்ந்து போகிறவர்களைப் பார்ப்பது மகிழ்ச்சிதான். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில், மறைந்திருக்க வேண்டிய ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு எழுத்து கிடைத்து, புது டிரைவாக வந்து நின்று, "இடம் இல்லை" என்று பலருக்கு ஓயாமல் எச்சரித்தது. அந்த நிலையில் எடுக்க வேண்டியது எழுத்தை மட்டும்தான், பார்ட்டிஷனை அல்ல.

ரெக்கவரி பார்ட்டிஷனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸ் பூட் ஆகாதபோது பழுதுபார்க்க உதவும் சிறிய இயங்குதளம் அதில் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அது பெருத்துக்கொண்டே வருகிறது. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் தேவைப்பட்டது. இல்லாத கம்ப்யூட்டர்களில் அது திரும்பத் திரும்பத் தோற்றது. பெரிய அப்கிரேடுகளில் பழைய ரெக்கவரி பகுதி போதவில்லை என்றால் விண்டோஸ் சி டிரைவின் வாலைக் கொஞ்சம் நறுக்கிப் புதிதாக ஒன்றை உண்டாக்கும். விண்டோஸுக்கு அதனால் சிக்கல் இல்லை. ஆனால் அதே டிஸ்கில் லினக்ஸ் இருந்தால் பார்ட்டிஷன்களின் வரிசை எண் மாறக்கூடும்.

எண் மாறினால் என்ன? லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப், தன் மீதிக் கோப்புகள் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கின்றன என்று பழைய முறை டிஸ்க்குகளில் எண்ணாகவே குறித்து வைத்திருப்பது வழக்கம். லாஜிக்கல் பார்ட்டிஷன்களில் நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு எண் முன்னால் நகரும். 7-ஆவதாக இருந்தது 6 ஆகும். கிரப் 7-ஐத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லி, கருப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்ற வரியோடு நின்றுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், விஷயம் சின்னதுதான். அந்தத் திரையிலேயே பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டுப் பார்த்து, பூட் கோப்புறை உள்ள எண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னால் மெனு வந்துவிடும். உள்ளே போன பிறகு கிரப்பை மறுபடி நிறுவி, மெனுவைப் புதுப்பித்துவிட்டால் நிரந்தரமாகச் சரியாகும். லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்தும் இதைச் செய்யலாம். கருப்புத் திரையில் தட்டுத்தடுமாறுவதைவிட அது எளிது.

லினக்ஸைப் புதுப்பித்தவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி உண்டு: மெனுவில் விண்டோஸையே காணோம். மற்ற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் ஓ.எஸ். புரோபர் என்ற சிறு நிரலை, கிரப்பின் 2.06 பதிப்பு முதல் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறார்கள். உபுண்டு 22.04-இல் இருப்பது அந்தப் பதிப்பு. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கி மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வந்து நிற்கும். இது தெரியாமல், விண்டோஸ் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி நிறுவி, அப்படி நிறுவும்போது நிஜமாகவே பழைய விண்டோஸை அழித்துக்கொண்டவர்களும் உண்டு.

லினக்ஸ் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நின்று, பிறகு எமர்ஜென்சி மோட் என்று சொன்னால், எஃப்.எஸ்.டேப் என்ற கோப்பைப் பார்க்க வேண்டும். எந்தெந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியல் அது. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் அதன் யு.யு.ஐ.டி. என்ற அடையாள எண் மாறிவிடும். பட்டியலில் பழைய எண்ணே இருக்கும். லினக்ஸ் 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, இரட்டை இயங்குதளம் உள்ள பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் பூட் ஆகாமல் "செக்யூரிட்டி வயலேஷன்" என்று நின்றது. பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியலை அந்தப் புதுப்பிப்பு ஃபர்ம்வேரில் எழுதியதுதான் காரணம். பார்ட்டிஷனில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பார்ட்டிஷன் கெட்டுவிட்டதாக நினைத்து அழித்துப் புதிதாக நிறுவினால், இழப்பு நாமே தேடிக்கொண்டதாகிவிடும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து, அந்தப் பட்டியலை லினக்ஸ் வழியே நீக்கிவிட்டு மறுபடி இயக்குவதே அப்போது வழியாக இருந்தது.

செக்யூர் பூட்டில் கைவைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது டிஸ்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கர். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே சங்கேதமாக்கிப் பூட்டப்பட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது. பிறகு ஃபர்ம்வேர் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கடைக்காரர் ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? இதுவரை சொன்ன பூட் பழுதுகளுக்கெல்லாம் மருந்து உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. எண் இல்லையென்றால் எந்த மென்பொருளும், எந்த ஊர் மெக்கானிக்கும் அந்தத் தரவைத் திறக்க முடியாது. புது லேப்டாப் வாங்கிய அன்றே அந்த எண்ணை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

"சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று சொல்லி அப்கிரேடே தொடங்க மறுப்பது தனி வகை. யு.இ.எஃப்.ஐ. கம்ப்யூட்டரில் பூட் கோப்புகளுக்கான இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை விண்டோஸ் இயல்பாக 100 எம்.பி. அளவில்தான் உண்டாக்குகிறது. அதில் லினக்ஸின் பூட் கோப்புகளும் லேப்டாப் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் கோப்புகளும் சேர்ந்து நிரம்பிவிடும். அதற்குள் பூட் திரைக்கான எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையைக் காலி செய்தால் போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பல சமயம் அதுவே போதும்.

இனி, டிரைவ் "ரா" (உள்ளே என்ன கோப்பு முறை என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை) என்று காட்டி ஃபார்மேட் கேட்கும் நிலை. இங்கே அட்டவணையோ கோப்பு முறையின் தலைப்பகுதியோ உண்மையாகவே சேதமாகியிருக்கலாம். அப்கிரேடு நடுவில் கரண்ட் போயிருக்கலாம். டிஸ்கே சாகும் நிலையிலும் இருக்கலாம். அப்கிரேடு என்பது பல ஜி.பி. கோப்புகளைப் புதிதாக எழுதும் வேலை. ஏழெட்டு வருடம் ஓடித் தளர்ந்த ஹார்ட் டிஸ்க் அந்தச் சுமையில் விழும், பழி விண்டோஸின் மேல் போகும். ஆகவே முதலில், தன் உடல்நிலையை டிஸ்கே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்க வேண்டும். கெட்ட செக்டார்கள் ஏறிக்கொண்டே போனால் பழுதுபார்க்கும் எந்தக் கருவியையும் அதன்மேல் ஓட்டக் கூடாது. விண்டோஸின் செக்டிஸ்க் உட்பட. செக்டிஸ்க் கோப்பு முறையை ஒழுங்குபடுத்தும் கருவி. தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. ஒழுங்குக்காக அது எதையும் வெட்டிப் போடும், வெட்டியதைத் திரும்பப் பெற வழியில்லை. டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு அப்படியே நகலெடுத்துவிட்டு, நகலின்மேல் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டலாம். டெஸ்ட்டிஸ்க் இலவசமானது. டிஸ்க் முழுவதும் தேடி, பழைய பார்ட்டிஷன்கள் தொடங்கிய இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டும். காட்டுவது சரிதானா என்று உள்ளே உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்த பிறகுதான் அட்டவணையை எழுதச் சொல்ல வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் என்றால் அவசரம் கூடுதல். சாதாரண ஹார்ட் டிஸ்கில் அவசரப்பட்டுக் குயிக் ஃபார்மேட் செய்திருந்தாலும், மேலே எதுவும் எழுதாதவரை மீட்க வாய்ப்பு நிறைய. எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்ற கட்டளை, காலியான இடங்களை டிஸ்குக்கே தெரியப்படுத்திவிடும். அது சீக்கிரமே உள்ளிருந்து துடைத்துவிடும். தவறாக ஃபார்மேட் ஆகிவிட்டது என்று தெரிந்த நொடியில் கம்ப்யூட்டரை அணைப்பது ஒன்றே வழி. ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலும் அதே. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அதற்கு மேல் அது மென்பொருள் வேலை அல்ல, டிஸ்கைத் திறந்து பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்தின் வேலை.

அப்கிரேடுக்கு முன்னால் செய்ய வேண்டியதில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைப்பதை யாரும் செய்வதில்லை. எந்தப் பார்ட்டிஷன் எவ்வளவு அளவு, எந்த வரிசை என்று அந்தப் படம் இருந்தால் மீட்புவேலை பாதியாகக் குறையும். வெளி டிஸ்கில் நகல் எடுத்தபின் அந்த டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நிறுவும்போது பட்டியலில் அது நின்றால் அதையே தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து உண்டு.

இரண்டு இயங்குதளங்களையும் தொடர்ந்து வைத்துக்கொள்கிறவர்கள், இரண்டுக்கும் பொதுவான கோப்புகளுக்கு விண்டோஸின் கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ்.-இல் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக வைத்து, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவது நல்லது. அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் பார்ட்டிஷனை எழுதும் உரிமையோடு திறக்க லினக்ஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பு பழுது அல்ல, தரவு கெடாமல் இருக்க லினக்ஸ் எடுக்கும் முன்னெச்சரிக்கை. அதைக் கட்டாயப்படுத்தித் திறக்கும் வழிகளைத் தேடிப் போகாமல், விண்டோஸுக்குள் ஒருமுறை போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு வந்தால், பிள்ளையின் லினக்ஸிலிருந்தும் அப்பாவின் விண்டோஸிலிருந்தும் அந்தக் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம்.